பிராங்கியர் கூடத்தில் ஒரு கற்பூரம்

அருங்காட்சியக வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

உங்களில் பலர் பட்டம் முடித்துவிட்டு, வேறு நல்ல வேலை கிடைக்கும்வரைக்கும் என்று சொல்லித்தான் இந்தக் கறுப்புச் சட்டையைப் போட்டிருக்கிறீர்கள். நான் அப்படி வரவில்லை. ஊரில் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது, நானும் அதை விட்டேன், இரண்டு பேருக்கும் வருத்தமில்லை. பிறகு ஜேர்மனியில் அகதி முகாம், அங்கே ஒரு சாப்பாட்டுக் கடையில் கோப்பை கழுவல், அதன்பின் லண்டன், பெற்றோல் நிலையம், கடைசியில் இந்த அருங்காட்சியகம். வாசலில் பை பார்க்கிறவனாக நுழைந்தவன், ஓய்வு பெறும்போது ஒரு தளம் முழுவதற்கும் பொறுப்பாக இருந்தேன். அந்தக் கட்டடத்தில் தமிழில் சுற்றிக் காட்டும் வழக்கத்தைத் தொடங்கியவனும் நான்தான். இதை நானே சொல்லாவிட்டால் வேறு யார் சொல்லப் போகிறார்கள்?

எந்தக் கதவுக்கு எந்தச் சாவி, வாக்கி-டாக்கியில் எப்படிப் பேச வேண்டும் என்பதெல்லாம் பயிற்சியில் வரும். பயிற்சியில் வராத ஒன்றைச் சொல்கிறேன்.

எனக்கு இந்த வேலையைக் கற்றுத் தந்தவர் கானா நாட்டு அம்மா ஒருவர். எங்கள் தலைமைக் காவலாளி. உயரமான மனுஷி, நடந்து வந்தால் பூட்ஸ் சத்தத்திலேயே நாங்கள் நேராக நிற்போம். முதல் நாள் என்னைப் பக்கத்தில் நிறுத்திவிட்டு, "முகத்தைப் பார்க்காதே, கையைப் பார்" என்றார். அவ்வளவுதான் பாடம். அன்று மத்தியானமே அதன் பொருள் விளங்கியது. ஒரு தாய் தன் பெரிய பிள்ளையைக் கூடம் அதிரத் திட்டிக்கொண்டிருந்தாள். நாங்கள் எல்லோரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றோம். கானா அம்மா மட்டும் மெதுவாக நடந்துபோய், அவளுடைய சின்னப் பிள்ளையின் கையைப் பிடித்தார். அந்தக் கையில் ஊறிய சூயிங்கம் இருந்தது. அது ஒரு ரோமானியப் பிரபுவின் பளிங்கு மூக்குக்கு ஒரு விரற்கடைத் தூரத்தில் நின்றது.

முகம் எதையும் சொல்லும், ஆனால் செய்வது கைதான். இதை நான் ஒருநாள் மறந்தேன். அந்த நாளைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பிராங்கியர் என்று பழைய ஐரோப்பாவை ஆண்ட ஒரு சனம், அவர்களுடைய கூடத்தில் என்னைப் போட்டிருந்தார்கள். மற்றவர்கள் வேண்டாமென்று ஒதுக்கும் கூடம் அது. பக்கத்தில் எகிப்தியப் பிணங்கள் இருக்கும்போது துருப்பிடித்த வாளையும் நெஞ்சில் குத்தும் ஊசிகளையும் வெள்ளிக் காசுகளையும் யார் பார்ப்பார்கள்? சுவரில் ஒரு பெரிய படம், மூன்று நிறத்தில் ஐரோப்பா. அதற்குப் பக்கத்தில் காதில் வைத்துக் கேட்கும் கருவி ஒன்று. அதில் பழைய மொழிகள் இரண்டில் ஒரு சத்தியம் ஒலிக்கும்.

அந்தக் கூடத்தை அமைத்தவர் ஓர் இளம் ஜேர்மன் பெண் ஆய்வாளர். நான் ஜேர்மன் பேசுவேன் என்று தெரிந்ததும் அந்தக் கருவியை என் காதில் வைத்தார். ஆயிரம் வருஷத்துக்கும் மேற்பட்ட ஜேர்மன். முதலில் ஒன்றும் பிடிபடவில்லை. பிறகு 'சகோதரன்' என்ற சொல் சட்டென்று காதில் விழுந்தது. என்னோடு கோப்பை கழுவிய ஆஹன் நகரத்துக் கிழவர் தன் தம்பியைத் திட்டும்போது அதை எப்படி இழுத்துச் சொல்வாரோ, அதே இழுவை. நான் சிரித்துவிட்டேன். அந்தப் பெண்ணுக்கு அப்படி ஒரு சந்தோஷம். அன்றிலிருந்து நேரம் கிடைக்கும்போதெல்லாம் எனக்குக் கதை சொன்னார். நான் அதை நம் ஆட்களுக்குத் தமிழில் சொல்லத் தொடங்கினேன். எகிப்தியக் கூடத்தில் நின்ற சனம் என் பக்கம் வந்தது என்றால் நம்புங்கள்.

கதை இதுதான். சார்லமேன் என்று ஒரு பேரரசன். அவனுடைய மகனுக்கு ஆண்பிள்ளைகள் பலர். தகப்பன் உயிரோடு இருக்கும்போதே பங்கு பிரிக்கத் தொடங்கினார். ஒவ்வொரு தடவை பிரிக்கும்போதும் ஒருவன் கோபித்துக்கொண்டு படை திரட்டினான். கடைசிப் பிள்ளை இரண்டாம் தாரத்தின் பிள்ளை என்றால் பிரச்சினை எப்படி இருந்திருக்கும் என்று நம் ஆட்களுக்கு நான் விளக்கத் தேவையில்லை. ஒருமுறை தகப்பன் மூத்தவனிடம், "நீ பிரி, உன் தம்பி தேர்ந்தெடுக்கட்டும். இல்லையென்றால் நான் பிரிக்கிறேன், நீ தேர்ந்தெடு" என்றாராம். மூத்தவன் பிரிக்கப் பார்த்தான். நாடு முழுவதையும் அவன் அறிந்திருக்கவில்லை, முடியாமல் தகப்பனிடமே திருப்பிக் கொடுத்தான்.

தகப்பன் கண்ணை மூடியதும் மூத்தவன் லோத்தார் எல்லாம் எனக்கே என்றான். நடுவிலான் லுட்விக்கும் கடைக்குட்டி சார்ல்ஸும் ஒன்று சேர்ந்தார்கள். பெரிய சண்டை, கணக்கில்லாத சாவு. அதன்பின் ஒரு மாரிகாலத்தில், ரைன் ஆற்றுப் பக்கம் ஸ்திராஸ்பூர்க் என்ற ஊரில், இரண்டு தம்பிகளும் தங்கள் படைகளோடு சந்தித்தார்கள். லுட்விக்கின் ஆட்கள் பேசியது ஜேர்மனுக்குத் தாயான பேச்சு. சார்ல்ஸின் ஆட்கள் பேசியது பிரெஞ்சுக்குத் தாயான பேச்சு. பெரிய மனிதர்கள் எழுதுவது லத்தீனில். சில செபங்கள், சில சில்லறைக் குறிப்புகள் தவிர இந்தப் பேச்சுகளுக்கு எழுத்தில் அவ்வளவு இடமில்லை, அரச காரியத்தில் இடமே இல்லை.

அன்றைக்கு லுட்விக் எழுந்து, தன் மொழியை விட்டுவிட்டு, தம்பியின் படைக்கு விளங்கும் மொழியில் சத்தியம் செய்தான். சார்ல்ஸ் அண்ணனின் படைக்கு விளங்கும் மொழியில் செய்தான். நான் இவனுக்குத் துணை நிற்பேன், மூத்தவனோடு சேர்ந்து இவனுக்குக் கேடு செய்ய மாட்டேன் என்பதுதான் அதன் சாரம். தம்பிக்குச் சொல்வதென்றால் காதோடு சொல்லியிருக்கலாம். ஈட்டியோடு நிற்கிறவனுக்கு விளங்க வேண்டும், நாளைக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் இருக்க வேண்டும். அதற்காகத்தான் அடுப்படிக் குசினியிலும் குதிரை லாயத்திலும் கிடந்த பேச்சு அன்று அரசன் வாயில் ஏறி எழுத்துக்கும் வந்தது. அதை எழுதி வைத்தவன் அவர்களுடைய மாமி மகன். நம் முறைக்கு மச்சான்.

அதன்பிறகு படைகளும் சத்தியம் செய்தன, தங்கள் தங்கள் மொழியில். என் தலைவன் சொல் மாறினால், அவனைத் தடுக்க என்னால் முடியாமல் போனால், நான் அவனுக்குத் துணை போக மாட்டேன் என்று. இந்த இடத்தில் நான் கொஞ்சம் நிறுத்துவேன். கூட்டம் ஓர் அடி முன்னுக்கு வரும். அடுத்த வருஷம் நாடு மூன்றானது. லுட்விக்கின் கிழக்குப் பக்கம் ஜேர்மனி ஆயிற்று, சார்ல்ஸின் மேற்குப் பக்கம் பிரான்ஸ் ஆயிற்று, நடுவில் நீட்டாக ஒரு துண்டு மூத்தவனுக்கு. மூத்தவனும் பிறகு அவன் மகனும் போனபின் அந்தத் துண்டின் பெரும்பகுதியையும் இரண்டு தம்பிகளும் தங்களுக்குள் பிரித்துக்கொண்டார்கள்.

ஒரு சித்திரை மாதம், என் சுற்று தொடங்கும் முன்னர், லண்டனின் ஃபாரஸ்ட் கேட் பகுதியிலிருந்து வந்த ஓர் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். பட்டுச்சேலை, மேலே தடித்த கோட்டு, கையில் பெரிய பை.

"அண்ணை, என்னை ஞாபகம் இருக்கோ? போன வருஷம் கோயில் மாதர் சங்கத்தோட வந்தனான்."

"முகம் தெரியுது அக்கா."

"நேற்று வெம்பிளியில எங்கட சொந்தத்தில ஒரு கலியாணம். அதுக்கு என்ர மனுசன்ர தம்பிமார் ரெண்டு பேரும் வந்து நிக்கினம். ஒருத்தர் ஜேர்மனி, மற்றவர் பாரிஸ். இண்டைக்கு நீங்கள் அந்தச் சத்தியம் பண்ணின கதையைக் கொஞ்சம் விரிவாச் சொல்லோணும்."

"ஏன், அவையும் படை திரட்டிக்கொண்டே வந்திருக்கினம்?"

"பகிடி விடாதேங்கோ. ஓம், கிட்டத்தட்ட அப்பிடித்தான்."

அவர் கணவர்தான் மூத்தவர். இறந்து ஆண்டுத் திவசமும் முடிந்திருந்தது. ஊரில் அவர்கள் கோயிலில் ஆறாம் திருவிழா, அதாவது ஆறாம் நாள் உபயம், அந்தக் குடும்பத்துடையது. பாட்டன் காலத்திலிருந்து செய்து வருவது. கணவர் லண்டனிலிருந்து ஒவ்வொரு ஆடியிலும் போய்ச் செய்தவர். இனி இரண்டு தம்பிமாரும்தான் செய்ய வேண்டும்.

"செய்யட்டுமே" என்றேன்.

"செய்ய ரெண்டு பேரும் ரெடி. காளாஞ்சி ஆர் வாங்கிறதெண்டுதான் இழுபறி."

தமிழ்நாட்டிலிருந்து வந்திருக்கும் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். திருவிழா முடியும்போது ஐயர் வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய்ப் பாதியோடு ஒரு தட்டை உபயகாரரின் கையில் கொடுப்பார். அதுதான் காளாஞ்சி. கடையில் வாங்கினால் ஒரு சின்னச் செலவு. ஆனால் அந்தத் தட்டு யார் கையில் போகிறது என்பதை ஊர் முழுக்கப் பார்த்துக்கொண்டு நிற்கும். அதை வாங்குகிறவர்தான் அந்தக் குடும்பத்தின் தலை.

"ஜேர்மனிக்காரர் தான் வயசில மூத்தவர் எண்டுறார். பாரிஸ்காரர், அண்ணனோட ஒவ்வொரு வருஷமும் ஊருக்குப் போய்த் தோள் குடுத்தது தான்தானாம் எண்டுறார். ரெண்டும் உண்மை. ஒருக்கால் போனில ஒத்துக்கொண்டவை. அடுத்த நாள் ஆளுக்கொரு கதை. ஆருக்கு முன்னால சொன்னதெண்டு கேட்டா ஒருத்தரும் இல்லை. கோயில்காரர் இந்தக் கிழமைக்குள்ள ஒரு முடிவு சொல்லுங்கோ, இல்லாட்டி ஆறாம் திருவிழாவை வேற ஆக்களிட்டக் குடுக்கப்போறம் எண்டிட்டினம்."

"நீங்களே வாங்கினால் என்ன, அக்கா?"

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். "நான் ஆம்பிளையாப் பிறந்திருந்தா இந்தக் கதையே இல்லை. அதிலயும் இப்ப மனுசன் இல்லாதவள். நீங்கள் லண்டனில இருந்து கதைக்கிறியள் அண்ணை, அது ஊர்."

சுற்று தொடங்கியது. கலியாணத்துக்கு வந்த உறவுக்காரர் ஒரு கூட்டம், தள்ளுவண்டியில் பிள்ளைகள், பட்டுச் சரசரப்பு. இரண்டு சகோதரர்களையும் கண்டுபிடிக்க எனக்குக் கஷ்டமில்லை. கூட்டத்தின் இரண்டு அந்தத்தில் நின்றார்கள். ஜேர்மனிக்காரர் கழுத்துவரை ஜாக்கெட்டை இழுத்து மூடி, சொன்ன நேரத்துக்குத் தொடங்கினேனா என்று கடிகாரம் பார்த்தார். பாரிஸ்காரர் கழுத்தில் பட்டுத் துண்டு, சுற்றிலும் வாசனை. அவர் பக்கத்தில் மகள் ஆரணி, பாரிஸில் தாதி. மற்றவர் பக்கத்தில் மகன் கபிலன், ஜேர்மனியில் ரயில்வேயில் பொறியாளர். இருவருக்கும் தமிழ் வீட்டுத் தமிழ். சாப்பிடு, வா, படு என்ற அளவில் ஓடும். அதற்கு மேல் போனால் தடுக்கும்.

சுவரில் இருந்த படத்தடியில் வந்ததும் ஜேர்மனிக்காரர் என்னைப் பார்த்துச் சொன்னார். "பாத்தீங்களே, அப்பவே தம்பிமார் ரெண்டு பேரில கிழக்குப் பக்கத்தான்தான் மூத்தவன்."

பாரிஸ்காரரும் என்னைத்தான் பார்த்தார். "அண்ணை, அவரிட்டச் சொல்லுங்கோ, நல்ல பக்கம் மேற்குப் பக்கத்தானுக்குத்தான் போனதெண்டு. வைன் முழுக்க அங்கதான்."

"வைனுக்காக ரைன் ஆற்றின் மேற்குக் கரையிலும் சில ஊர்களைக் கிழக்குக்காரன் சேர்த்து வாங்கினான் என்று ஒரு கதை இருக்கு" என்றேன்.

"அப்ப சரி" என்றார் ஜேர்மனிக்காரர் என்னிடம். "அவரிட்டச் சொல்லுங்கோ, எங்களுக்கு வைனும் இருக்கெண்டு."

கூட்டம் சிரித்தது. எனக்கு அதற்குமேல் என்ன வேண்டும்? என்னுடைய மிகச் சிறந்த சுற்று அதுதான் என்று இன்றைக்கும் சொல்வேன். ஸ்திராஸ்பூர்க்கில் இரண்டு படைகளையும் எதிரெதிரே நிறுத்தினேன். குரலை இறக்கினேன், ஏற்றினேன். இரண்டு சகோதரர்களின் முகத்திலும் ஏதோ அசைவதைக் கண்டேன். அந்த முகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கையைப் பார்க்கவில்லை.

முதலில் எனக்கு வந்தது மணம்தான். சுத்தமான கற்பூர மணம். கோயிலில் நின்றால் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன். நின்றது பிராங்கியர் கூடத்தில். திரும்பிப் பார்த்தால், வெள்ளிக் காசுகள் இருந்த கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால், பார்வையாளர் உட்காரும் மர வாங்கில், திருநீற்றுச் சிமிழின் மூடி. மூடியில் ஒரு கட்டிக் கற்பூரம். அது நின்று எரிந்தது. பக்கத்தில் ஃபாரஸ்ட் கேட் அக்கா, கையில் நெருப்புப்பெட்டியோடு, கோயில் சன்னதியில் நிற்பதுபோல நிமிர்ந்து நின்றார்.

"இந்தக் கதையை நான் போன வருஷமே கேட்டனான்" என்றார் சகோதரர்களைப் பார்த்து. "அவங்கள் ராசாக்கள், படைக்கு முன்னால பண்ணினாங்கள். இஞ்ச உங்கட சனம் நிக்குது, உங்கட பிள்ளையள் நிக்கினம். ஒண்டாச் செய்யிறம், காளாஞ்சிக்கு அடிபடமாட்டம் எண்டு சொல்லி ரெண்டு பேரும் அணையுங்கோ."

உங்களுக்குத் தெரியும், நம்மில் கற்பூரத்தை ஏற்றி அணைத்தால் அது சத்தியம். அணைத்தவன் கட்டுப்பட்டான்.

இப்போது நீங்கள் என் இடத்தில் நில்லுங்கள். பின்னால் பட்டுச்சேலைகள், தள்ளுவண்டிகள், ஒரு சின்ன வாசல். நெருப்பு என்று நான் கத்தினால் அந்த வாசலில் என்ன நடக்கும்? சுவரில் தீயணைப்பான் இருந்தது. அதை அடித்தால் பொடி எல்லாம் பெட்டிகள்மேல், பிள்ளைகள் கண்ணில். தோளில் வாக்கி-டாக்கி, அதில் சொன்னால் கட்டடமே கலையும். நான் செய்தது இதுதான். வாங்குக்கும் கூட்டத்துக்கும் இடையில் போய் என் உடம்பை வைத்தேன். கோயிலில் வரிசை ஒழுங்குபடுத்துகிற குரலில், "எல்லாரும் இரண்டு அடி பின்னுக்குப் போங்கோ, அவசரமில்லை" என்றேன். போனார்கள். அந்தக் குரல் எனக்கு இயல்பாகவே உண்டு.

பிறகு அக்காவிடம், "அக்கா, அணையுங்கோ" என்றேன்.

"நான் அணைக்க ஏலாது. அணைக்கவேண்டிய ஆக்கள் நிக்கினம்."

ஜேர்மனிக்காரர் நெருப்பைப் பார்த்தார். பாரிஸ்காரர் அண்ணனைப் பார்த்தார். ஒருவரும் அசையவில்லை. முதலில் கை வைக்கிறவன் முதலில் இறங்கிப் போனவன் ஆவான் அல்லவா?

நானே அணைத்திருக்கலாம். அணைத்திருக்க வேண்டும். பயிற்சி அப்படித்தான் சொல்கிறது. என் கை மூடிக்கு மேலே வரைக்கும் போனது, அங்கே நின்றுவிட்டது. வேறொருவன் வீட்டுச் சத்தியத்தை நான் எப்படி அணைப்பது? லண்டனில் அந்த நேரத்தில் வேலையில் நின்ற எந்தக் காவலாளிக்கும் அந்தக் கை நின்றிருக்காது. எனக்கு நின்றது.

அப்போது என் கைக்குக் கீழே ஒரு கம்பளித் தொப்பி வந்து விழுந்தது. கபிலனுடைய தொப்பி. பக்கத்திலிருந்து ஆரணியின் கை அதன்மேல் பதிந்து அமத்தியது, அதற்கு மேல் கபிலனின் கை. நெருப்பு செத்தது. ஒரு கறுப்புப் புகை சுருண்டு மேலே போனது.

"ஆர் யூ ஓகே, பெரியம்மா?" என்றாள் ஆரணி. "மியூசியத்துக்க இப்பிடிச் செய்யக் கூடாது."

அக்கா அந்த இரண்டு கைகளையும் பார்த்தார். பிறகு முகத்தில் ஒரு சிரிப்பு விரிந்தது. "முடிஞ்சுது" என்றார். "சத்தியம் பண்ணிப்போட்டியள்."

"வாட்?" என்றான் கபிலன். "நான் நெருப்பை நூர்த்தனான்."

"அதுதான் சத்தியம்."

"என்ன சத்தியம்?"

கூட்டத்தில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நெருப்பு சின்ன விஷயம். என் வேலை வாழ்க்கையில் நான் எடுத்த கஷ்டமான முடிவு அதற்குப் பிறகு வந்தது. இரண்டு தகப்பன்மாரின் கண்களும் என்னிடம் ஒன்றைத்தான் கேட்டன. அது ஒன்றுமில்லை தம்பி, தெரியாமல் அணைத்தது சேராது என்று நான் சொல்லிவிட வேண்டும். அது பொய்யும் இல்லை. அக்காவின் கண்கள் வேறொன்று கேட்டன. எல்லாம் முடிந்தது, குடும்பம் கட்டுப்பட்டது என்று சொல்லச் சொல்லி. அதைச் சொல்லியிருந்தால் இரண்டு பிள்ளைகளை, அவர்களுக்கு விளங்காத மொழியில் விளங்காத ஒன்றில் கட்டிப்போட்ட பாவம் எனக்கு.

நான் கபிலனிடம் ஜேர்மனில் பேசினேன். குசினி ஜேர்மன்தான், ஆனால் ஒரு சொல்லும் தடுமாறவில்லை. ஆரணிக்கு ஆங்கிலத்தில் சொன்னேன், அந்தக் கதை முழுவதும் சுவரில் பிரெஞ்சில் எழுதியிருந்த பலகையையும் காட்டினேன். "ராசாக்களின் சத்தியம் உங்களுடையது இல்லை, அது உங்கள் அப்பாமாருடையது. நீங்கள் செய்தால் அது படை செய்த சத்தியம். அப்பா சொல் மாறினால், உங்களால் தடுக்கவும் முடியாமல் போனால், நான் அவரோடு நிற்க மாட்டேன் என்பது. அவ்வளவுதான். தெரியாமல் கை வைத்தீர்கள். வேண்டாம் என்றால் இப்பவே சொல்லுங்கள், ஒருவரும் குறை சொல்ல முடியாது."

இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பெரியப்பா பிள்ளையும் சித்தப்பா பிள்ளையும், பத்துத் தடவைகூடச் சந்தித்திருக்க மாட்டார்கள்.

"அப்பா எத்தனை மாசமா இதைப் பற்றி போனில் கத்துறார்?" என்று கபிலன் அவளிடம் ஆங்கிலத்தில் கேட்டான்.

"என்ர அப்பாவும்தான். மற்றப் பக்கத்தில் கத்துறது உங்கட அப்பா எண்டு இப்பதான் விளங்குது."

கபிலன் தன் தகப்பனைப் பார்த்தான். தொப்பியை எடுக்காமலே கையை மறுபடி அதன்மேல் வைத்தான். "ஓம்" என்றான். ஆரணியும் வைத்தாள்.

"டேய்" என்றார் ஜேர்மனிக்காரர்.

அப்போதுதான் கூரையிலிருந்த கருவிக்கு அந்தப் புகை எட்டியது. கட்டடம் முழுக்க அலாரம் அடித்தது.

எகிப்தியப் பிணங்களைத் தவிர எல்லோரும் வெளியே வந்தோம். தூறல். படிகளில் நூற்றுக்கணக்கான சனம் நனைந்துகொண்டு நின்றது. நான் என் கூட்டத்தை எண்ணிச் சரிபார்த்துவிட்டு நிமிர்ந்தபோது, இரண்டு பிள்ளைகளும் ஒரு குடைக்குள் நின்று ஏதோ கணக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கபிலன் என்னிடம் வந்து, அந்தத் திருவிழாவில் மொத்தம் எத்தனை மரியாதை என்று ஜேர்மனில் கேட்டான். ரயில்வேக்காரன், எதையும் பெட்டி பெட்டியாகப் பிரித்துப் பார்ப்பான் போலும். பெரியது இரண்டு என்றேன். தொடக்கத்தில் ஐயர் பெயரும் நட்சத்திரமும் சொல்லிச் செய்யும் சங்கற்பம், முடிவில் காளாஞ்சி.

"அண்ணா, யூ கட், ஐ சூஸ்" என்றாள் ஆரணி. "அந்தப் பலகையில ராசாட அப்பா சொன்ன மாதிரி."

கபிலன் பிரித்தான். ஒரு பங்கு சங்கற்பம், மறு பங்கு காளாஞ்சி, அடுத்த வருஷம் மாற்றிக்கொள்வது. ஆரணி தன் அப்பாவுக்குச் சங்கற்பத்தை எடுத்தாள்.

"என்னைக் கேக்காம என்னெண்டு நீ எடுப்பாய்?" என்றார் பாரிஸ்காரர்.

"அப்பா, நான் கை வச்சனான். நீங்கள் மாட்டன் எண்டா, நான் ஊருக்கு வரேல்லை. கபிலன் அண்ணாவும் வரமாட்டார். நீங்கள் ரெண்டு பேரும் தனியப் போய் வாங்குங்கோ."

பிள்ளைகள் பக்கத்தில் இல்லாமல் காளாஞ்சி வாங்கி யாருக்குக் காட்டுவது? பாரிஸ்காரர் அண்ணனைப் பார்த்தார். முதல் தடவையாக நடுவில் நான் இல்லாமல் பேசினார். "அண்ணை, உங்கட பெடியன் நல்லாத்தான் பிரிச்சிருக்கிறான்."

"உன்ர பெட்டை அதைவிட நல்லா எடுத்திருக்கிறாள்" என்றார் மற்றவர், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு.

அக்கா படியிலேயே நின்று கோயில்காரருக்கு போன் போட்டார். மழைச் சத்தத்தில் கத்திச் சொன்னார், பாதி லண்டனுக்குக் கேட்டிருக்கும்.

கானா அம்மா என்னிடம் வந்தார். நான் முழுவதையும் சொன்னேன், கை நின்றதையும் சேர்த்து. "உன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாய்" என்றார். "அதுவும் நன்றாகத்தான் சொல்லியிருப்பாய்." அது பாராட்டில்லை என்று எனக்கு விளங்கியது. என் தமிழ்ச் சுற்றைச் சில மாதம் நிறுத்தினார்கள். நான் நிர்வாகத்தோடு வாதாடவில்லை. வாசலில் நெருப்புப்பெட்டியையும் லைட்டரையும் வாங்கி வைக்கும் விதி வந்தது. நீங்கள் இன்றைக்கு அந்த மேசையில் நின்று அலுத்துக்கொள்கிறீர்களே, அந்த விதி என்னால் வந்தது. எட்டாம் வகுப்புப் படித்தவன் ஒருவன் ஒரு பெரிய நிறுவனத்தின் விதிகளில் தன் அடையாளத்தை வைத்துவிட்டுப் போவது எல்லோருக்கும் வாய்ப்பதில்லை.

இலையுதிர் காலத்தில் என் சுற்றைத் திரும்பத் தந்தார்கள். முதல் நாளே ஃபாரஸ்ட் கேட் அக்கா வந்தார். வாசல் மேசையில் தானாகவே பையைத் திறந்து காட்டினார்.

"நெருப்புப்பெட்டி கொண்டு வரேல்லை அண்ணை. பாருங்கோ."

பையில் காய்ந்துபோன ஒரு தேங்காய்ப் பாதியும் சருகான வெற்றிலையும் இருந்தன.

"யார் வாங்கினது?" என்றேன்.

"சொல்லியிருந்தபடி ஜேர்மனிக்காரர்தான். ஐயர் தட்டை நீட்ட, இவர் கையை நீட்டினார். நீட்டிப்போட்டு, 'தம்பி, நீயும் பிடி' எண்டார். அவர், 'இல்லை அண்ணை, நீங்கள் பிடியுங்கோ' எண்டார். 'இல்லை நீ பிடி', 'இல்லை நீங்கள்தான்'. இந்தச் சண்டையும் நிக்கேல்லை அண்ணை. ஐயரின்ர கை நோகுது, அவர் மனுசன் தட்டோட நிக்கிறார். ஊர்ச் சனம் முழுக்க அவையின்ர முகத்தைப் பாத்துச் சிரிக்குது."

"பிள்ளையள்?"

"அதுகள் ரெண்டும் சிரிக்கேல்லை" என்றார் அக்கா. "தட்டு ஒழுங்காப் போய்ச் சேருமட்டும் அப்பாமாரின்ர கையையே பாத்துக்கொண்டு நிண்டுதுகள்."